உப்புக்காற்றில் மடக்குக் கத்தி: சென்னையில் வாங்குவது, தீட்டுவது, துருவிலிருந்து காப்பது

மெரினா மணலில் உட்கார்ந்து கிளிமூக்கு மாங்காயைக் கீற்றுப் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுவிட்டு, கத்தியைக் கைக்குட்டையில் ஒரு இழுப்பு துடைத்து மடக்கிப் பையில் போட்டு மறந்துவிடுங்கள். சில நாள் கழித்து விரித்தால், அலகின் அடியில், கீல் பக்கமாக, கடுகளவு பழுப்புப் புள்ளி உட்கார்ந்திருக்கும். மாங்காய்ப் புளிப்பு, உப்பு, கடற்காற்றின் ஈரம் மூன்றும் மடிப்புக்குள் ஒன்றாய் அடைபட்டால் அதுதான் நடக்கும். குளிர்நாட்டுக்காரர்கள் சொல்லும் பராமரிப்பு இங்கே பாதிதான் எடுபடும். இந்த ஊர் வேர்வைக்கும் காற்றுக்கும் ஏற்றபடி கத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், கழுவ வேண்டும், வைக்க வேண்டும்.

எவர்சில்வர் என்றால் துருவே பிடிக்காது என்பது பாத்திரக் கடைப் பேச்சு. எஃகில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆக்சைடு படலம் உருவாகிறது. துருவைத் தடுப்பது அந்தப் படலம். உப்பில் இருக்கும் குளோரைடு அதை ஊசி குத்துவது போல அங்கங்கே துளைக்கும். துளைக்குள் காற்றோட்டம் இல்லாததால் படலம் திரும்ப மூடாது, அரிப்பு உள்ளே ஆழமாக இறங்கும். மேலே சின்னப் புள்ளி, அடியில் பெரிய குழி. எனவே புள்ளி சிறியதாக இருக்கும்போதே கவனித்துவிட வேண்டும்.

எந்த எஃகு, எந்தப் பிடி

முதல் கத்திக்கு சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் நிறுவனத்து 58 மி.மீ. கிளாசிக் எஸ்டி அல்லது கத்தரிக்கோல் உள்ள 91 மி.மீ. மாடல் போதும். அதன் பெரிய அலகு, எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் சுமார் 56. கூர் நீண்ட நாள் நிற்காது, ஆனால் பத்து நிமிடத்தில் திரும்பத் தீட்டிவிடலாம். துருவும் சுலபத்தில் அண்டாது. சென்னைக்கு இந்தப் பேரம் லாபம்தான்.

இன்னும் கடினமான எஃகு வேண்டும் என்றால் 14சி28என் என்ற எஃகு வகை நல்ல தேர்வு. நைட்ரஜன் சேர்ந்த எஃகு, வேர்வையைத் தாங்கும். விலை மலிவான பல கத்திகளில் வரும் 8சிஆர்13எம்ஓவி நடுத்தரம். டி2 எஃகு பற்றி எச்சரிக்கை தேவை. அதில் சுமார் 12 சதவீதம் குரோமியம் இருப்பதாகப் படித்துவிட்டுத் துருப்பிடிக்காது என்று நம்பி வாங்குகிறார்கள். அந்தக் குரோமியத்தில் பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடாகக் கட்டுண்டு கிடக்கிறது, படலம் கட்ட மிஞ்சுவது குறைவு. சட்டைப் பையில் வேர்வையோடு இருக்கும் டி2 அலகில் சீக்கிரமே புள்ளி விழும். அதன் கூர் நீடிக்கும் தன்மை பிடித்திருந்தால் வாங்குங்கள், ஆனால் தினமும் துடைக்கத் தயாராக இருங்கள்.

ஓபினெல் 8-ஆம் எண் அழகான கத்தி. 1890-ல் ஜோசப் ஓபினெல் பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் தொடங்கிய வடிவம்; அலகைப் பூட்டும் வளையம் 1955-ல் வந்தது. கார்பன் எஃகு, ஸ்டெயின்லெஸ் இரண்டிலும் கிடைக்கிறது. நம் ஊருக்கு 12சி27 ஸ்டெயின்லெஸ் அலகை எடுங்கள். சிக்கல் அலகில் இல்லை, பீச் மரப் பிடியில் இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கியதும் மரம் ஈரம் குடித்து உப்பி, அலகை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். நகத்தால் இழுத்தால் நகம்தான் பெயரும். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிப்பக்கத்தை மர மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால் அலகு தானே கொஞ்சம் எழும்பும். நிரந்தரத் தீர்வு சித்திரை வைகாசியில் செய்ய வேண்டியது. பழைய ஏடிஎம் கார்டில் 240-ஆம் எண் உப்புத்தாளைச் சுற்றி, பிடியின் பிளவுக்குள் இரு பக்கமும் இருபது இருபது முறை தேய்த்து, தூசியைத் தட்டி, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய துணியால் உள்ளே பூசி மூன்று நாள் விரித்தபடி காயவிடுங்கள். அந்த எண்ணெய்த் துணியைக் கசக்கிக் குப்பையில் எறியாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளப்பும், கசக்கிய துணி தானே தீப்பற்றக்கூடும். கொடியில் விரித்துக் காயவைத்த பிறகு எறியுங்கள்.

கீலில் பேரிங் வைத்த கத்திகள் ஒரு விரல் தட்டலில் விரியும். பையின் நூல்தூசியும் வேர்வை உப்பும் அந்தச் சின்னக் குண்டுகளுக்குள் சேர்வதும் அதே வேகத்தில்தான். தினசரிப் பையில் வைக்க வெண்கல வாஷர் அல்லது டெஃப்லான் வாஷர் உள்ளதே நல்லது.

நடைபாதையில் விக்டோரினாக்ஸ் என்று பாதி விலைக்குக் கிடைக்கும் சிவப்புப் பிடிக் கத்தியை வாங்கும் முன் பெரிய அலகின் அடிப்பாகத்தைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயரும் நாடும் பொறித்திருக்க வேண்டும், எழுத்து கூர்மையாகத் தெரிய வேண்டும். 91 மி.மீ. மாடலில் சிலுவைச் சின்னம் உலோகமாகப் பதித்திருக்கும், மை அச்சு கிடையாது. எல்லாக் கருவிகளையும் மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தகடுகளுக்கு நடுவே ஒளி கசிந்தாலோ, அலகை விரிக்கும்போது கடைசியில் 'டக்' என்று விழாமல் தொளதொளத்தாலோ வேண்டாம். லைனர் பூட்டு (விரித்த அலகு மடங்காமல் பிடியின் உள்தகடு தாங்கும் பூட்டு) உள்ள கத்தியில் பூட்டுத் தகடு அலகின் அடியில் மூன்றில் ஒரு பங்காவது ஏறி நிற்கிறதா என்று பாருங்கள். ஓரத்தில் தொட்டும் தொடாமலும் நின்றால் அது விரலை வெட்டும் கத்தி.

சட்டம்

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதப் பட்டியலில் வருகிறது. வீட்டு வேலை, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவை அதில் சேராது. 3 அங்குல மடக்குக் கத்தி அந்த அளவுக்குள் வராது. அதற்காக எங்கும் கொண்டு போகலாம் என்று அர்த்தமில்லை. நீதிமன்றம், தலைமைச் செயலகம், மெட்ரோ நிலையச் சோதனை, பேரணி, தேர்தல் கூட்டம் என்று போகும் நாளில் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பேருந்தில் விரித்துப் பழம் நறுக்காதீர்கள். பக்கத்து இருக்கைக்காரர் பயப்படுவது நியாயம்தான்.

கழுவுதலும் எண்ணெயும்

பையில் வைத்துப் புழங்கும் கத்தியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். ஏப்ரல் முதல் ஜூன் வரை வாரம் ஒரு முறை. உலோகம், பிளாஸ்டிக் பிடிக் கத்திகளுக்கு முறை இது. குவளையில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம். தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு கருவியையும் பதினைந்து இருபது முறை விரித்து மடக்குங்கள். தண்ணீர் சாம்பல் நிறமாக மாறும்; கீலுக்குள் இருந்த அழுக்கு அது. பழைய பல்துலக்கியால் வில்தகடுகளின் நடுவே தேய்த்துக் குழாயில் அலசுங்கள். பிறகு கடைசி அலசலை மட்டும் கேன் தண்ணீரிலோ ஆர்ஓ தண்ணீரிலோ செய்யுங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் போர் தண்ணீர் உப்பேறியது. அதில் அலசி அப்படியே காயவிட்டால், கழுவியதே துருவுக்கு வழி வைக்கும்.

தண்ணீரை உதறி, எல்லாக் கருவிகளையும் பாதி விரித்து விசிறிப் பூ போல நிறுத்தி, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் வையுங்கள். மழைக்காலத்தில் ஹேர் டிரையர் ஐந்து நிமிடம். அதன் பிறகே எண்ணெய். ஈரத்தின் மேல் விட்ட எண்ணெய் ஈரத்தை உள்ளே வைத்து மூடி போட்டதாகிவிடும்.

எண்ணெய் விஷயத்தில் பலர் தவறுவது வீட்டில் கைக்கு எட்டியதைப் பூசுவதில்தான். நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பட்டுப் பிசுக்காக இறுகும். சில மாதங்களில் அலகு கோந்து ஒட்டியது போல விரியும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும், மார்கழிக் காலையில் கீல் கனக்கும். நாளாக ஆகக் காறலும் அடிக்கும். தையல் மிஷின் எண்ணெய் வாங்குங்கள். பழம், ரொட்டி வெட்டும் கத்தி என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின், எதுவும் கலக்காதது. டபிள்யூடி-40 ஈரத்தை வெளியேற்றுவதற்கு நல்லது, ஆனால் அதில் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அதைத் தெளித்துத் துடைத்த பிறகும் எண்ணெய் விட வேண்டும்.

அளவு: கீலுக்கு ஒரு சொட்டு. ஊசி போட்ட சிரிஞ்சை நன்றாகக் கழுவி, ஊசி நுனியை மழுக்கி வைத்துக்கொண்டால் சொட்டு சரியாக விழும். பத்து முறை விரித்து மடக்கி, வெளியே கசிந்ததைத் துடைத்துவிடுங்கள். மிச்சம் வைத்தால் பையின் தூசியெல்லாம் அதில் ஒட்டும்.

ரிவெட் அடித்த கத்தியைக் கழற்ற முயலாதீர்கள். திருகு உள்ளது என்றால் பெரும்பாலும் டி6, டி8 நட்சத்திர பிட்டுகள் போதும். ரிச்சி தெருவில் செல்போன் ரிப்பேர் கருவிகள் விற்கும் கடைகளில் கேளுங்கள். மலிவான பிட்டு திருகின் வாயைத் தின்றுவிடும். திருகு அசையவில்லை என்றால் உள்ளே, திருகு தளராமல் இருக்கப் போடும் பூட்டுப் பசை இருக்கிறது. சால்டரிங் அயர்ன் நுனியைத் திருகின் தலையில் அரை நிமிடம் வைத்துவிட்டுத் திருப்புங்கள்.

தீட்டுதல்

தெருவில் சாணை பிடிக்க வருபவரிடம் அரிவாள்மனையும் கறிக்கத்தியும் கொடுங்கள். அவர் கை அதற்குப் பழகிய கை. மெல்லிய மடக்குக் கத்தியை அந்தச் சக்கரத்தில் வைக்கக் கூடாது. தண்ணீர் இல்லாத சக்கரத்தில் பொறி பறக்கும்போது கூரின் விளிம்பு நொடியில் சூடேறும். விளிம்பில் வைக்கோல் நிறம் வந்தால் 200 டிகிரியைத் தாண்டிவிட்டது. நீலம் வந்தால் 300-ஐ நெருங்கிவிட்டது. நீலமான இடத்தில் எஃகு இளகிப் பதம் போய்விட்டது. அந்த இடத்தை முழுக்கத் தேய்த்து எடுக்கும் வரை எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

கையால் தீட்ட விலையுயர்ந்த கல் வேண்டாம். மண்ணடி ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும் இரட்டைப் பக்கக் கார்போரண்டம் கல், விளிம்பு உடைந்த கத்தியைச் சரிசெய்வதற்கு. (இந்த ஊருக்கும் அந்தப் பெயருக்கும் உறவு உண்டு, கார்போரண்டம் யுனிவர்சல் 1954-ல் தொடங்கியது, தலைமையகம் சென்னையில்.) வழக்கமான தீட்டலுக்குக் கண்ணாடிக் கடையில் 8 மி.மீ. கனத்தில் ஒரு சாண் நீளக் கண்ணாடித் துண்டை ஓரம் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். கார் பெயிண்ட் பொருள் விற்கும் கடையில் 400, 1000, 2000 எண் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்), ஒவ்வொன்றிலும் ஒரு தாள். தாளை நனைத்துக் கண்ணாடியில் ஒட்டினால் தண்ணீரே பிடித்துக்கொள்ளும்.

சாய்வுக்கு ஒரு சுலபக் கணக்கு: அலகின் அகலத்தில் பத்தில் மூன்று பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் 17.5 டிகிரி வரும். 13 மி.மீ. அகல அலகுக்கு ஏறக்குறைய 4 மி.மீ. ஸ்கேலில் அளந்து அந்த உயரத்துக்குச் சில்லறைக் காசுகளை அடுக்கி, முதுகை அதன் மேல் சாய்த்துப் பார்த்துக் கைக்குப் பழக்குங்கள். காசை எடுத்த பிறகு அதே சாய்வைக் கை நினைவில் வைத்திருக்கும்.

தொடங்குமுன் கூரின் சரிவு முழுக்கப் பெர்மனென்ட் மார்க்கரால் கறுப்புத் தீற்றுங்கள். 400 தாளில் முதுகு முன்னால் போக, கூர் பின்னால் வர, இரண்டு இழுப்பு. தாளில் கூரை முன்னோக்கித் தள்ளினால் தாள் கிழியும். இப்போது சரிவைப் பாருங்கள். கறுப்பு மேல் பக்கம் மட்டும் அழிந்திருந்தால் சாய்வு குறைவு, கூர் தாளைத் தொடவே இல்லை. விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் அதிகம். சரிவு முழுக்க ஒரே சீராக அழியும் வரை கையைத் திருத்துங்கள். இந்த ஒரு பரிசோதனையை விட்டுவிட்டு அரை மணி நேரம் தேய்ப்பவர்கள்தான் 'என் கத்திக்குக் கூரே வராது' என்கிறார்கள்.

அழுத்தம் எவ்வளவு? சமையலறைத் தராசின் மேல் அலகைப் படுக்க வைத்து விரலால் அழுத்தி 400 கிராம் காட்டும் கனத்தை உணருங்கள். 400 தாளுக்கு அதுவே அதிகபட்சம். 2000-க்கு வரும்போது கத்தியின் சொந்தக் கனம் போதும்.

ஒரே பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே இருங்கள், மறுபக்கத்தில் பிசிறு, அதாவது தேய்ந்த உலோகம் சுருண்டு நிற்கும் மெல்லிய விளிம்பு, எழும்பும் வரை. கட்டைவிரல் சதையை முதுகிலிருந்து கூரை நோக்கி, கூருக்குக் குறுக்காக, வெளிப்பக்கம் மெல்ல இழுத்தால் ஒரு சொரசொரப்பு தட்டும். அடிமுதல் நுனிவரை எல்லா இடத்திலும் தட்ட வேண்டும். நுனியில் மட்டும் தட்டவில்லையா? வளைவு வரும்போது பிடியைச் சற்று உயர்த்தாமல் இழுத்திருக்கிறீர்கள். பிசிறு முழுக்க வந்ததும் மறுபக்கம், அதே போல. பிறகு 1000, பிறகு 2000; ஒவ்வொன்றிலும் பக்கத்துக்குப் பத்து, ஐந்து, மூன்று, ஒன்று என்று குறைத்துக்கொண்டே மாற்றி மாற்றி.

கடைசியில் பிசிறை எடுப்பதில்தான் பாதிப் பேர் அவசரப்படுகிறார்கள். 2000 தாளில் முடித்ததும் கத்தி சவரம் செய்யும் அளவுக்குத் தோன்றும், ஒரு அட்டைப் பெட்டியை வெட்டியதும் மழுங்கிவிடும். கூர் என்று நினைத்தது மடங்கி நிற்கும் பிசிறு. அட்டை பட்டதும் முறிந்துபோனது. பழைய தோல் பெல்ட்டின் உட்பக்கத்தை மரப் பலகையில் ஒட்டி, பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பாலிஷ் கட்டியை க்ரேயான் போலத் தேய்த்து, முதுகு முன்னால் போக ஒவ்வொரு பக்கமும் பதினைந்து இழுப்பு இழுங்கள். இழுப்பின் முடிவில் மணிக்கட்டைத் தூக்காதீர்கள், தூக்கினால் கூர் உருண்டுவிடும். பழுத்த தக்காளியின் தோலில் கத்தியை வைத்து, அழுத்தாமல் வெறுமனே இழுத்தாலே இறங்க வேண்டும். இறங்கினால் முடிந்தது.

துரு வந்துவிட்டால்

லேசான புள்ளிக்கு மை அழிக்கும் ரப்பர், அடுத்து எண்ணெய் தொட்ட 2000 தாள். ஸ்டெயின்லெஸ் அலகில் இரும்பு நார் போடாதீர்கள். அதன் துகள் அலகில் பதிந்து புதுத் துருவுக்கு வித்தாகும். பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளி போடும் பழக்கத்தைக் கத்திக்குக் கொண்டுவர வேண்டாம், கீலுக்குள் போன புளிப்பு வெளியே வராது. கார்பன் எஃகு அலகில் படரும் சாம்பல் நீலப் பூச்சு துரு அல்ல. மாங்காய், எலுமிச்சை வெட்டி வெட்டி உண்டாகும் அந்தப் படலம் சிவப்புத் துருவைக் கொஞ்சம் தடுக்கும், விட்டுவிடுங்கள். செம்பழுப்பாக விரலில் ஒட்டினால்தான் துரு.

ஆயுத பூஜைக்குக் கத்திகளை அடுக்கிச் சந்தனமும் குங்குமமும் வைப்பது இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களுக்குப் பிரியமான வழக்கம். ஈரச் சந்தனம் இரவு முழுக்க அலகில் இருந்தால், பொட்டு வைத்த வட்டத்தின் அளவிலேயே துருக் கறை விழும். முந்தின நாளே எண்ணெய் பூசுங்கள். பொட்டைப் பிடியிலோ கத்தியின் டப்பாவிலோ வையுங்கள். மரப் பிடியில் குங்குமம் ஊறும், அதற்கு டப்பாதான் சரி. விஜயதசமி காலையில் புனர்பூஜை முடிந்ததும் துடைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள்.

வைக்கும் இடம்

தோல் உறைக்குள் கத்தியைச் சேமிக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் அதில் மிச்சமிருக்கும். ரப்பர் மூடி உள்ள காற்றுப்புகா டப்பா, 5 லிட்டருக்கு 50 கிராம் ஆரஞ்சு நிறச் சிலிக்கா ஜெல். நீல நிற வகையில் கோபால்ட் குளோரைடு உண்டு, அது நஞ்சு. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஆகாது. ஆரஞ்சு மணிகள் பச்சையானதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் திரும்ப வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் இதைப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும்.

பையில் மற்றவை

அன்றாடப் பைக்கருவி நமக்குப் புதிதில்லை. ஆச்சிகளின் சுருக்குப்பையில் பாக்குவெட்டியும், ஒரே வளையத்தில் கோத்த முள்வாங்கியும் குறும்பிவாங்கியும் இருந்தன. ஓலைச்சுவடி எழுதியவர்களின் மடக்கெழுத்தாணியில் ஒரு முனை எழுத, மறுமுனை ஓலை வார. இன்று அந்த இடத்தில் சாவிக்கொத்து டார்ச், பேனா, சின்ன மல்டிடூல்.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்த பகுதிகளுக்கு டார்ச்சின் அருமை தெரியும். ஏஏஏ டார்ச்சில் அல்கலைன் பேட்டரியைப் போட்டு மறந்துவிடாதீர்கள். அது கசிந்தால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு குழாயையே அரித்துவிடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் பாதுகாப்பு. பெரிய டார்ச்சுகளில் போடும் 18650 என்ற அளவு லித்தியம் செல் வாங்கும்போது உறையில் 9900 மில்லியாம்ப் மணி என்று போட்டிருந்தால் போலி. அந்த அளவுச் செல்லில் உண்மையாக அடங்குவது சுமார் 3,500 மில்லியாம்ப் மணி. எடையும் காட்டிக்கொடுக்கும், நல்ல செல் 45 கிராமுக்கு மேல். கத்திரி வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் லித்தியம் எதையும் விடாதீர்கள்.

மீனம்பாக்கம் விமான நிலையம் போகும் நாளில் கத்தியும் அலகு உள்ள மல்டிடூலும் செக்-இன் பெட்டிக்குள் போக வேண்டும், தனி லித்தியம் செல்லும் பவர்பேங்கும் கைப்பைக்குள். பவர்பேங்க் 100 வாட் மணிக்குள் இருக்க வேண்டும்; 20,000 மில்லியாம்ப் மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் மணி. சாவிக்கொத்தில் தொங்கும் 58 மி.மீ. கத்தியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அதைக் கழற்றிவிடுங்கள்.